ஏழு கணினி உள்ள கடைக்குத் தனியாக சர்வர் வேண்டுமா?

எம்.சி. ரோடு வணிகர்:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த விற்பனைக் கடை நடத்துகிறோம். டேலி கணக்குகள் அனைத்தும் கணக்குப்பிள்ளையின் கணினியில் இருக்கின்றன. பில் போடுபவர்களும் கிடங்கில் இருப்பவர்களும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அதை அணைத்துவிட்டுக் கிளம்பினால் எல்லோருடைய வேலையும் நின்றுவிடுகிறது. கணினி விற்பவர் சர்வர் வாங்கச் சொல்கிறார். விலையோ பல மடங்கு. அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்:
ஐயா, உங்கள் கணக்குப்பிள்ளையின் கணினி இப்போதே சர்வர்தான். மற்றக் கணினிகளின் கோரிக்கைக்காகக் காத்திருந்து, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்த்து, கோப்பையோ இணையப் பக்கத்தையோ எடுத்துத் தரும் மென்பொருள் எதில் ஓடினாலும் அது சர்வர். 1990இல் செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலை (வெப்) சர்வரை ஓட்டியது நெக்ஸ்ட் நிறுவனத்தின் ஒரு மேசைக் கணினியில்தான். அதை யாரும் அணைக்கக் கூடாது என்று கையால் எழுதிய சீட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. உங்கள் கடையில் இல்லாதது அந்தச் சீட்டுதான்.

விலை கூடுவது பெரும்பாலும் வேகத்துக்காக அல்ல, நிற்காமல் ஓடுவதற்காக. நினைவகத்தில் ஒரு பிட் பிறழ்ந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இ.சி.சி. ரேம், ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும் இரட்டை பவர் சப்ளை, இயந்திரத்தை நிறுத்தாமலே கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க்குகள் ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பணம் போகிறது. ஏழு பேருக்கு இவ்வளவும் தேவையில்லை என்பது என் கருத்து. விண்டோஸ் 10, 11 உரிமமே ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை இணைய அனுமதிக்கிறது. யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத ஒரு கணினியை ஒதுக்கி, யு.பி.எஸ். வைத்து, ரெய்டு 1 முறையில், அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதச் செய்யுங்கள்.

திருவொற்றியூர் பொறியாளர்:
மேலே சொன்னது சரி. ஆனால் ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதப்படுவதால், ஒருவர் கைதவறி அழித்த கோப்பும், பணம் பறிக்கக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் பூட்டிய கோப்பும் இரண்டிலும் அவ்வாறே ஆகிவிடும். நாள்தோறும் தனியாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு வெளியே வையுங்கள். கணினியையும் தரையில் வைக்காதீர்கள்; 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நம் பகுதியில் எத்தனை தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது உங்களுக்கே தெரியும். உப்புக் காற்றும் இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால் சன்னலோரமும் வேண்டாம்.

எம்.சி. ரோடு வணிகர்:
இருவருக்கும் நன்றி. முதல் மாடியில் இடம் இருக்கிறது. கணினியை மாற்றினால் மற்றவர்களுக்கு அதன் முகவரி மாறிவிடாதா?

தண்டையார்பேட்டை வாசகர்:
ரவுட்டரில் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பகுதியில் அந்தக் கணினிக்கென்று ஓர் ஐ.பி. முகவரியை ஒதுக்கிவிட்டால், மின்சாரம் போய் வந்தாலும் அதே முகவரிதான் கிடைக்கும். மற்றக் கணினிகளில் டேலியின் தரவுப் பாதையை ஒருமுறை மாற்றினால் போதும்.