வங்கித் தரவில் டெலிவரி தொழிலாளர்கள் ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிறார்கள். எங்கே தப்பு?

எக்செல்ராணி:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் வருடம். சென்னை, கோவை, மதுரை மூன்று நகரங்களிலும் செயலி வழியாக டெலிவரி செய்பவர்களின் வருமானம் மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் தலைப்பு. அரசுக் கணக்கெடுப்பை வைத்து இவர்களைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை 2020-21ல் நாடு முழுவதும் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் (நிரந்தர வேலை இல்லாமல், செய்யும் வேலைக்கு ஏற்பப் பணம் பெறுகிறவர்கள்) என்றது. அதுவும் தொழில், தொழில்துறைக் குறியீடுகளை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். நேராகக் கேட்டு எண்ணியதில்லை.

அதனால் சிறுகடன் கொடுக்கும் ஒரு செயலி நிறுவனத்திடம் பேசி, பெயர் நீக்கிய வங்கிப் பரிவர்த்தனைகளை வாங்கினேன். (நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், ஒப்பந்தம் இருக்கிறது.) தேதி, தொகை, வரவா செலவா, நேரேஷன் (பாஸ்புக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எதிரே வரும் விவர வரி), வயது, பாலினம், ஊர். இவ்வளவுதான் உண்டு.

நான் செய்தது எளிது. நேரேஷனில் டெலிவரி நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரவு இருந்தால், அந்த மாதத்தில் அவர் கிக் தொழிலாளி. விடைதான் உதைக்கிறது:

2024 மார்ச்சில் எண்ணிக்கை திடீரென்று ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே வருடம் ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் சராசரி வருமானம் எகிறி, அடுத்த மாதமே விழுகிறது. பத்தில் நான்கு பேர் பெண்கள் என்று வருகிறது. எங்கள் தெருவில் நான் பார்த்த பெண் ரைடர் ஒரே ஒருவர். அப்புறம், பாதிப் பேருக்கு மேல் பன்னிரண்டு மாதத்துக்குள் காணாமல் போகிறார்கள்.

வழிகாட்டிக்கு நான்காவது விஷயம் மட்டும் பிடித்துவிட்டது. ஜேபி மார்கன் சேஸ் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவில் இதையேதான் சொன்னது, கட்டுரையாக்கு என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நடுநிசிகோடர்:

பயப்படுவது நல்லது. நான் இதே மாதிரித் தரவில்தான் சோறு சாப்பிடுகிறேன்.

பெண்கள் விஷயம் முதலில். நேற்று ராத்திரி பிரியாணியில் லெக் பீஸ் இல்லை என்று புகார் செய்தீர்கள், 180 ரூபாய் திரும்பி வந்தது. நேரேஷனில் யார் பெயர் இருக்கும்? அதே டெலிவரி நிறுவனம்தான். உங்கள் விதிப்படி நீங்களும் ஒரு கிக் தொழிலாளி. அந்த நாற்பது சதவீதத்தில் பெரும்பகுதி சாப்பாடு வாங்கிய வாடிக்கையாளர்களாகத்தான் இருக்கும். வரவுக்கு முந்தைய முப்பது நாளில் அதே நிறுவனத்துக்குப் பணம் போயிருக்கிறதா, தொகை சமமா, குறைவா என்று பாருங்கள். போயிருந்தால் ரீஃபண்ட்.

அடுத்து ஒரு ரூபாய் வரவுகளைத் தூக்குங்கள். அது பென்னி டிராப். கணக்கு எண் சரிதானா என்று சோதிக்க அனுப்புவது. பதிவு செய்துவிட்டு ஒரு நாள்கூட வண்டி எடுக்காதவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள்.

மூன்றாவது, ஓட்டல்காரர்கள். அவர்களுக்கும் வாராவாரம் அதே பெயரில்தான் செட்டில்மென்ட் வரும். தொகை பெரிதாக இருக்கும், காய்கறிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பணம் வெளியே போகும். தெருமுனை டிபன் கடை என்றால் தொகையை வைத்துப் பிரிக்க முடியாது, செலவுப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச்சுக்கு இரண்டு கேள்வி. அந்த மாதம் பணம் பட்டுவாடா செய்யும் இடைநிலை நிறுவனம் மாறியதா? சில நேரம் நேரேஷனில் டெலிவரி நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக இடைநிலை நிறுவனத்தின் பெயர்தான் வரும். இரண்டாவது, உங்களுக்குத் தரவு தந்தவர்கள் அந்த மாதம் புதிதாக ஏதாவது கடன் திட்டம் தொடங்கினார்களா?

பழையகணக்கு:

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர் என்று படித்ததும் காலண்டரை எடுத்தேன். 2024ல் ஐந்து புதன்கிழமை வந்த மாதங்கள் அந்த நான்கும்தான். உங்கள் நிறுவனம் புதன்தோறும் பட்டுவாடா செய்கிறது, வேறொன்றும் இல்லை அம்மா. வருமான ஏற்ற இறக்கம் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருப்பீர்கள், அதில் பாதி புதன்கிழமை. மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள். மாதம்தான் வேண்டும் என்றால் நான்கு வாரத் தொகுப்பு போதும்.

ஜேபி மார்கன் ஒப்பீட்டுக்கு வருகிறேன். அவர்களுடைய 2016 அறிக்கை ஊபர் மாதிரியான 30 தளங்களைப் பார்த்தது. ஒரு மாதத்தில் பெரியவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் அந்த வருமானம். மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கு மேல். ஒரே தரவு, கேள்வியை மாற்றினால் நான்கு மடங்கு. 2018 அறிக்கைக்கு 3 கோடியே 90 லட்சம் கணக்குகளும் 128 தளங்களும். அதில் போக்குவரத்துத் தளங்களில் வேலை செய்தவர்களின் சராசரி மாத வருமானம் 2013க்கும் 2017க்கும் இடையே 53 சதவீதம் குறைந்தது என்று வந்தது. ஓட்டுநர் கூலி பாதியாகிவிட்டது என்று படித்தவர்கள் பலர். ஆனால் வங்கிக் கணக்கில் மணிக்கணக்கு கிடையாது. கூலி குறைந்ததா, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர்கள் பெருகினார்களா என்று அந்தத் தரவால் மட்டும் சொல்ல முடியாது. உங்கள் தரவுக்கும் இதே ஊனம்தான்.

முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. அவர்கள் தங்கள் வங்கியின் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். உங்களுடையது கடன் விண்ணப்பத்தின்போது எடுத்த பழைய கணக்கு அறிக்கை, இல்லையா? எத்தனை மாதத்துக்கு எடுப்பார்கள்?

எக்செல்ராணி:

பன்னிரண்டு மாதம். ஐயோ.

பழையகணக்கு:

ஆமாம். அவர்கள் வேலையை விடவில்லை, உங்கள் கோப்பு முடிந்துவிட்டது. அறிக்கையின் கடைசி நாளையும் வேலையை விட்ட நாளையும் ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். கடைசி நாள் வரை வரவு இருந்தால் அவரை 'விட்டவர்' என்று எழுதாதீர்கள், 'அதற்குப் பிறகு தெரியாது' என்று தனியாகக் குறித்து கப்ளான்-மேயர் முறையில் (இப்படிப் பாதியில் நின்றுபோகும் தரவுக்கான புள்ளியியல் முறை) போடுங்கள். வழிகாட்டியிடம் இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

ரெண்டுசக்கரம்:

நான் மூணு வருஷம் சாப்பாடு டெலிவரி ஓட்டினவன். இப்போ சொந்தமாக பஞ்சர் கடை. தங்கச்சி, நீங்க பார்க்கிற வரவு என்னோட சம்பளமே இல்லை.

கஸ்டமர் கையில் காசாகக் கொடுப்பார். அந்தக் காசு என் பாக்கெட்டில். வாரக் கடைசியில் கம்பெனி எனக்கு 4,500 தரணும், என்கிட்ட 3,000 கேஷ் இருக்கு என்றால், அதைக் கழித்து 1,500தான் பேங்குக்கு வரும். உங்க கணக்கில் அந்த வாரம் நான் சோம்பேறி. சில வாரம் நான்தான் கம்பெனிக்குக் கட்ட வேண்டி வரும், அப்போ வரவே இருக்காது. கேஷ் லிமிட் தாண்டினால் ஆர்டர் வராது என்பதால் யூபிஐ வழியாக அவங்களுக்கே திருப்பிக் கட்டுவோம். அந்தச் செலவைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

அப்புறம் ஐடி. என் மச்சான் லைசென்ஸ் இல்லாமல் என் ஐடியில் ராத்திரி ஓட்டினான். பணம் என் கணக்கில். ரெண்டு ஆள் உழைப்பு, ஒரு ஆள் பெயர். பத்து நிமிஷ மளிகை டெலிவரி பசங்களில் பல பேருக்கு ஃப்ளீட், அதாவது நிறைய வண்டி, வைத்திருக்கிற கான்ட்ராக்டர்தான் பணம் போடுவார். அங்கே கம்பெனி பெயரே வராது.

பெட்ரோலை மட்டும் மறந்துடாதீங்க.

நடுநிசிகோடர்:

அண்ணா சொன்னது என் மூன்று பதிலையும்விட மேல். நான் இந்தக் கேஷ் கழிவை யோசிக்கவே இல்லை.

இதோடு ஒன்று: பின்னால் ஆட்டோவையும் சேர்ப்பதாக இருந்தால் வரவில் தேடவே கூடாது. பெங்களூருவில் 2022 நவம்பரில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலி கமிஷன் இல்லாமல் வந்தது. ஓட்டுநர் ஒரு நாளைக்கு 25 ரூபாய் மாதிரி ஒரு சிறு தொகை கட்டினால் போதும், கட்டணத்தைப் பயணி நேராக அவரிடமே கொடுத்துவிடுவார். பெரிய நிறுவனங்களும் ஆட்டோவுக்கு இந்த வழிக்கு வந்தன. அந்த ஓட்டுநர்களுக்குத் தளத்திலிருந்து வரவே வராது, சந்தா செலவு மட்டும்தான் தடயம். நம் வரைபடத்தில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் தொழிலை விட்டுவிட்டது போல இருக்கும்.

கேள்விமட்டும்:

இவ்வளவு ஓட்டை என்றால் இந்தத் தரவை விட்டுவிட்டு நேராக சர்வே எடுக்கலாமே?

பழையகணக்கு:

சர்வேயிலும் ஓட்டை உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2017 மே மாதம் செயலி வழி வேலை பற்றி நேராகவே கேட்டது. 3.3 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். பதில்களைப் பிரித்துப் பார்த்தால், வேலைக்குக் கணினி பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் ஆமாம் போட்டிருந்தார்கள். திருத்திய பிறகு 1 சதவீதம்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரையும் நினைவிருக்கலாம். ஊபர், லிஃப்ட் வாடகைக் கார் செயலிகளின் ஓட்டுநருக்குச் செலவு போக மணிக்கு 3.37 டாலர்தான் என்றது. வருமானம் பற்றிய இரண்டு கேள்விகளைப் பதிலளித்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதில் தவறு என்று ஊபரின் பொருளியலாளர் ஜோனதன் ஹால் எழுதினார். ஆய்வாளர் மறுபடி கணக்கிட்டபோது, கேள்வியை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 8.55 அல்லது 10 டாலர் வந்தது. விமர்சித்தவர் கம்பெனிக்காரர் என்பதற்காக விமர்சனம் தப்பாகிவிடாது, அது வேறு விஷயம். இரண்டு தரவையும் வைத்துக்கொண்டு ஒன்றால் மற்றதைச் சோதிப்பதுதான் நம்மால் முடிந்தது.

ஓலைச்சுவடி:

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2023 தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(2)(b) பிரிவு ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, விதிகளில் சொன்ன தரத்தைப் பின்பற்ற வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. உங்கள் முடிவுகளைக் கடன் நிறுவனம் கேட்டால், ஆள்வாரியான பட்டியலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை வைத்து யாருக்காவது கடன் மறுத்தால் விலக்கின் அடிப்படையே போய்விடும்.

பெயர் நீக்கிவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். 2015ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் 11 லட்சம் பேரின் மூன்று மாத கார்டு பரிவர்த்தனைகள். எந்தக் கடையில், எந்த நாளில் என்று நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 90 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடிந்தது. நேரேஷன் நெடுவரிசையை அப்படியே லேப்டாப்பில் வைத்திருக்கிறீர்களா?

எக்செல்ராணி:

வைத்திருந்தேன். இன்று காலை பல்கலைக்கழக சர்வருக்கு மாற்றிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ரீஃபண்டையும் ஒரு ரூபாயையும் கழித்ததும் பெண்கள் விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. வாரக் கணக்குக்கு மாறியதும் அந்த நான்கு மலைகளும் தரைமட்டம். (அந்த வரைபடத்தை ஒரு கருத்தரங்கில் காட்டிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.)

மார்ச்சுக்கு நடுநிசிகோடரின் இரண்டு சந்தேகமுமே சரி. அதற்கு முன் பணம் இடைநிலை நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது, பழைய ரைடர்கள் பலரை நான் தவறவிட்டிருக்கிறேன். அதோடு அந்த மாதம்தான் ரைடர்களுக்கென்றே ஒரு கடன் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டால், "அது மார்க்கெட்டிங் விஷயம், உங்களுக்கு எதற்கு என்று நினைத்தோம்" என்கிறார்கள். ஆக, என்னிடம் இருப்பது கடன் தேவைப்பட்ட ரைடர்கள் மட்டும். தலைப்பையே 'கடன் கேட்கும் டெலிவரி தொழிலாளர்கள்' என்று மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். வழிகாட்டி இன்னும் பதில் போடவில்லை.

மீதி இருப்பது கேஷ் கழிவு. ரெண்டுசக்கரம் அண்ணா, செயலியில் வாராந்திர விவரப் பக்கம் இருக்கும் என்றார்கள். இருபது முப்பது பேர் சம்மதித்து அதைக் காட்டினால், வங்கி வரவு உண்மை வருமானத்தில் எவ்வளவு பங்கு என்று ஒரு திருத்தம் போடலாம். யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா? அவர்கள் நேரத்துக்குப் பணம் தருவேன், ஆய்வு நெறிக்குழு அனுமதியும் கேட்டிருக்கிறேன்.

ரெண்டுசக்கரம்:

கடைக்கே வாங்க, பசங்க இங்கேதான் நிற்பாங்க. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்னைக்கு இன்சென்டிவ் ஓடும், யாரும் பேச மாட்டாங்க. வாரநாளில் மதியம் மூணரைக்கு வந்தால் எல்லோரும் டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அனுமதி வந்ததும் சொல்லுங்க.