வைல் லூப்பில் எஃப்எஃப்எம்பெக்: கோப்புப் பெயரின் முன்னெழுத்துகள் காணாமல் போகின்றன

கேள்வி:
வணக்கம். ஃபைண்ட் கட்டளை தரும் எம்கேவி காணொளிக் கோப்புகளின் பட்டியலைப் பைப் வழியாக, அதை வரிவரியாகப் படிக்கும் ‘வைல் ரீட்’ லூப்புக்கு அனுப்பி, ஒவ்வொரு காணொளியின் பத்தாவது நிமிடத்திலிருந்தும் காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் கட்டளையால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை உபுண்டுவில் ஓட்டுகிறேன். முதல் கோப்புக்குப் படம் சரியாக விழுகிறது. அடுத்ததற்கு, அப்படியொரு கோப்பே இல்லை என்ற பிழை வருகிறது. அந்தச் செய்தியில் பாதையின் முன்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. பெயர்களில் இடைவெளி உண்டென்றாலும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள்தான் இட்டிருக்கிறேன். அதே எஃப்எஃப்எம்பெக் கட்டளையை முனையத்தில் தனியாகத் தட்டினால் பிழையில்லை. ஆனால் ஒரு படத்துக்கே வெகுநேரம் ஆகிறது. கட்டளையில் உள்ளீட்டுக் கோப்பைக் குறிக்கும் ‘-ஐ’ முதலிலும், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ‘-எஸ்எஸ்’ அதன் பின்னும் உள்ளன.

மறுமொழி 1:
மேற்கோள் குறிகளில் குறையில்லை. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது ‘க்யூ’ விசையை அழுத்தினால் நிற்கும் அல்லவா? அத்தகைய விசைகளுக்காக அது ஸ்டாண்டர்ட் இன்புட்டை (நிரலுக்கு வரும் வழக்கமான உள்ளீட்டை) படித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் லூப்புக்குள் அந்த இன்புட் விசைப்பலகை அன்று, ஃபைண்ட் அனுப்பும் பட்டியல். ஆகவே ‘ரீட்’ படிக்க வேண்டிய எழுத்துகளை எஃப்எஃப்எம்பெக் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய எழுத்து ‘சி’யாக இருந்தால், கட்டளையை உள்ளிடுமாறு கேட்கும் விசித்திரமான வரியும் திரையில் தோன்றும். அந்த இன்புட்டைப் படிக்காதே என்று சொல்லும் ‘-நோஎஸ்டிடிஇன்’ என்ற தேர்வைச் சேர்த்தால் போதும். அல்லது அதன் இன்புட்டை எப்போதும் வெறுமையாக இருக்கும் ‘டெவ் நல்’லுக்குத் திருப்பிவிடலாம்.

தாமதத்துக்குக் காரணம் ‘-எஸ்எஸ்’ நிற்கும் இடம். ‘-ஐ’க்குப் பின்னால் இருந்தால், தொடக்கத்திலிருந்து பத்து நிமிடக் காணொளி முழுவதையும் டீகோட் செய்து வீசிவிட்டுத்தான் உங்களுக்கு வேண்டிய ஃபிரேமுக்கு வரும். முன்னால் வைத்தால், அதற்கு முன் அருகிலுள்ள கீஃபிரேமுக்கு (மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுமையாகப் பதிவான ஃபிரேமுக்கு) தாவி அங்கிருந்து மட்டும் டீகோட் செய்யும். முன்னால் வைத்தால் நேரம் பிசகும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2013இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து, இப்படிப் படமாக மாற்றும்போது அந்தப் பிசகு இல்லை. லூப் கெடுவதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்புண்டு: எவ்வளவு நேரம் ஓடுகிறதோ, அவ்வளவு எழுத்துகள் பட்டியலிலிருந்து போகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டையும் மாற்றியபின் எல்லாக் கோப்புகளுக்கும் படங்கள் உடனுக்குடன் வருகின்றன. டிவிடியிலிருந்து எடுத்த சில காணொளிகளில் மட்டும் முகங்கள் ஒடுங்கித் தெரிகின்றன. பிளேயரில் அவை சரியாகவே இருக்கின்றன.

மறுமொழி 2:
பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையிலான டிவிடியில் படம் 720×576 பிக்சல்களாகவே பதிவாகியிருக்கும்; 16:9 படமென்றால் பிளேயர் அதை 1024 பிக்சல் அகலத்துக்கு விரித்துக் காட்டும். பிக்சலின் அகல-உயர விகிதம் 64:45 என்ற குறிப்பு கோப்பில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைத் திறக்கும் படச் செயலிகள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ‘ஸ்கேல்’ ஃபில்டரில் அகலத்துக்கு ‘ஐடபிள்யூ’வை (மூல அகலம்) ‘எஸ்ஏஆர்’ஆல் (அந்தப் பிக்சல் விகிதம்) பெருக்கியும் உயரத்துக்கு ‘ஐஹெச்’ (மூல உயரம்) என்றும் கொடுத்து, தொடர்ந்து ‘செட்எஸ்ஏஆர்’ மதிப்பை 1 ஆக்குங்கள். அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் காணொளி, அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணங்களில் பதிவானது. அப்போது ‘ஸ்கேல்’ ஃபில்டருக்கு முன்னால் அந்தக் கோடுகளை நீக்கும் ‘யாடிஃப்’ ஃபில்டரையும் சேர்க்க வேண்டும்.