புதுப்பிப்பு: நம்பை 2.0-க்கு மாறியதும் செயலிழந்த நிரல்

எண் கணக்கீட்டுக்கான பைதான் நூலகமான நம்பையை (NumPy) 2.0-க்கு உயர்த்தியபின், மழையளவுக் கோப்புகளைப் படிக்கும் என் பைதான் நிரல் தொடங்கிய நொடியிலேயே விழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பழுது பைதான் வரிகளில் இல்லை. கோப்புகளைத் திறக்கும் சி மொழித் துணைத்தொகுதி, நம்பையின் 1-ஆம் பதிப்பு வரிசையை (1.x) வைத்துத் தொகுக்கப்பட்டது. 2024 ஜூனில் வந்த 2.0, 2006-க்குப் பிறகான முதல் பெரும் பதிப்பு. அதில் இருமநிலை இடைமுகமே (தொகுக்கப்பட்ட நிரல்கள் நம்பையோடு பேசும் வடிவம், ABI) மாறிவிட்டது. தரவு வகையை விவரிக்கும் உள்கட்டமைப்பில் புலங்கள் இடம்பெயர்ந்துள்ளன. பழைய தொகுதியோ பழைய இடத்திலேயே தேடுகிறது. அங்கே வேறு ஏதோ இருக்கிறது. பைதானின் வழக்கமான பிழைச் செய்திகூட வராமல் நினைவகப் பிழையோடு நின்றது இதனால்தான்.

அவசரத்துக்கு, நம்பை 2-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று தேவைகள் கோப்பில் (நிரலுக்கு வேண்டிய நூலகங்களின் பட்டியல்) எழுதினால் போதும். முறையான தீர்வு, துணைத்தொகுதியை 2.0-ஐ வைத்து மீண்டும் தொகுப்பதுதான். அப்படித் தொகுத்தது 1-ஆம் வரிசையின் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். இது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய நிறுவல் வைத்திருப்பவர்களைக் கைவிட வேண்டியதில்லை.

2.0-இல் நீக்கப்பட்ட பழைய பெயர்கள் சில என் நிரலிலும் இருந்தன. பைதான் நிரல்களைச் சோதிக்கும் ரஃப் (Ruff) கருவி அவற்றைச் சுட்டிக்காட்டியது, மாற்றிவிட்டேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது.