தர்மபுரி டவுனில் 20 சென்ட்: கீழே கடை, மேலே வீடு. மூன்று பிளானில் எதை எடுப்பது?

தகடூரான்:

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரிகிற 30 அடித் தெருவில் எங்களுக்கு 20 சென்ட் இருக்கிறது. முகப்பு 60 அடி, ஆழம் 145 அடி. முன்னால் அப்பாவின் விதைக்கடை, நடுவில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு. அப்பா போய் மூன்று வருடமாகிறது. இடத்தைக் கூறு போடுவதைவிட இடித்துக் கட்டலாம், கடைகளையும் ஆளுக்கொரு வீட்டையும் வைத்துக்கொண்டு மீதி வீடுகளை விற்றுச் செலவைச் சரிக்கட்டலாம் என்று அண்ணன், நான், தங்கை மூவரும் ஒப்புக்கொண்டோம். ஒத்துப்போனது அதோடு சரி.

இப்போது கையில் மூன்று பிளான். சேலத்துக்காரர் கொடுத்தது: கீழ்த்தளம் முழுக்க 8 ஷட்டர், மேலே மூன்று மாடியில் 12 வீடு, வண்டியெல்லாம் பேஸ்மென்ட்டில். அண்ணனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, எண்ணிக்கை அதிகம் என்பதால். பெங்களூர் ஆர்க்கிடெக்ட் கொடுத்தது: முன்பாதியில் மட்டும் 5 கடை, பின்னால் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவது), நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி மூன்று மாடியில் 10 வீடு, குடியிருப்பவர்களுக்கு வடபக்கம் தனி கேட். இது தங்கையின் கட்சி. மூன்றாவது உள்ளூர் இன்ஜினியருடையது: இரண்டு தளம் கடை, அதற்கு மேல் ஒரு சின்ன ஹால், உச்சியில் 6 வீடு. சீமந்தம், காதுகுத்துக்கு ஹாலை விட்டால் மாதாமாதம் காசு என்கிறார் தாய்மாமா. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அதனால் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறேன்.

சிக்கல் என்னவென்றால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒருவர் பில்ட்-அப் (சுவரோடு சேர்த்த பரப்பு) என்கிறார், ஒருவர் சூப்பர் பில்ட்-அப் (படி, லிப்ட் மாதிரிப் பொது இடத்தின் பங்கும் சேர்த்தது), உள்ளூர்க்காரர் 'சதுரம் இவ்வளவு' (ஒரு சதுரம் நூறு சதுர அடி) என்று முடித்துக்கொள்கிறார். எலிவேஷன் (முகப்புத் தோற்ற) படங்களை நம்பவும் மனம் வரவில்லை. நான் பிளக்ஸ் அடிக்கிறவன். சாம்பல் வானத்தை நீலமாக்கி, வாசலில் நாலு மரம் நட்டு, பக்கத்து வீட்டு டிரான்ஸ்பார்மரை மறைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். உண்மையில் எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

சைட்டில்_22_வருடம்:

தம்பி, முதலில் பேஸ்மென்ட்டைப் பார்ப்போம். உங்கள் கிணற்றில் எத்தனை அடியில் பாறை வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நம்ம மாவட்டத்தில் பத்தடிக்குள் பாறை வருவது சாதாரணம். டவுனுக்குள் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்துக் கொத்த வேண்டும், இல்லாவிட்டால் துளையில் ரசாயனப் பொடியை நிரப்பிப் பிளக்க வேண்டும். மண் வெட்டும் ரேட் போட்டு எஸ்டிமேட் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

பாறையே இல்லை என்று வைத்தாலும் ராம்ப் இருக்கிறது. கார் இறங்கும் ராம்ப்புக்கு எட்டுக்கு ஒன்று சரிவு என்பது வழக்கம். பத்தடி இறங்க 80 அடி நீளம், அகலம் 12 அடி. உங்கள் இடமே 145 அடிதான். பிளானில் ராம்ப்பை 40 அடியில் முடித்திருந்தால், மழை நாளில் எந்த ஸ்கூட்டரும் மேலே ஏறாது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

எஃப்.எஸ்.ஐ. (இடத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) கணக்கு சுலபம். 2019 கட்டிட விதிப்படி இந்த மாதிரிக் கட்டிடத்துக்கு 2. உங்கள் 8,700 சதுர அடிக்கு 17,400 வரும். அதற்கு மேல் வேண்டுமானால் ரோடு அகலத்தைப் பொறுத்துப் பணம் கட்டி வாங்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங் இந்தக் கணக்கில் சேராது. மூவரையும் 'எஃப்.எஸ்.ஐ. பரப்பு எவ்வளவு, வீட்டின் கார்பெட் ஏரியா (சுவருக்குள் புழங்கும் பரப்பு) எவ்வளவு' என்று இரண்டே எண் எழுதித் தரச் சொல்லுங்கள். சதுரமும் சூப்பரும் அப்போது தானாக ஓடிப்போகும்.

இன்னொன்று, படத்தில் தெரியாது. மேல்வீட்டு பாத்ரூம் எந்தக் கடையின் தலைமேல் வருகிறது? பாத்ரூமுக்கு ஸ்லாபைத் தாழ்த்திப் போடுவார்கள், நாலைந்து வருடத்தில் அதில் கசிவு வரும். கீழே ஜவுளிக்கடை இருந்தால் தினமும் பஞ்சாயத்து. பைப் எல்லாம் ஒரே டக்ட்டில் இறங்கி, அந்த டக்ட்டுக்குள் ஆள் போய் வேலை பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு முற்றம் பிளான் பிடித்ததற்குக் காரணம் அழகு இல்லை. பாத்ரூம்கள் எல்லாம் முற்றத்துப் பக்கம் வந்துவிடும், கடைகளின் தலை தப்பிக்கும்.

மாடிவீட்டம்மா:

நான் கிருஷ்ணகிரியில் இப்படி ஒரு கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கீழே ஒரு ஹோட்டல், ஒரு மெடிக்கல், ஒரு செல்போன் கடை. பிளான் போட்ட ஆண்கள் யாரும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வாசலில் நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பரோட்டாவுக்கு நிற்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுப் படியைத் தேட வேண்டும். தனி கேட் என்று ஒரு பிளானில் இருக்கிறதே அண்ணா, அதை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹோட்டலுக்குப் புகைக்குழாய் ஆரம்பத்திலேயே மொட்டை மாடிக்கு மேல் வரை போக வேண்டும். எங்கள் கட்டிடத்தில் அது முதல் மாடி ஜன்னல் ஓரத்தில் நின்றுவிட்டது. முதல் மாடி அக்கா ஒன்பது வருடமாக அந்த ஜன்னலைத் திறக்கவில்லை.

தண்ணீரையும் கேளுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. அதற்குத் தனி சம்ப், தனி டேங்க், சமையலறைக்குத் தனி பைப் என்று பிளானிலேயே இல்லாவிட்டால் இரண்டும் ஒரே தொட்டியில் கலந்துவிடும். பிறகு கேன் வாங்கித்தான் குடிக்க வேண்டும்.

ஹால் வேண்டவே வேண்டாம். ஒரு காதுகுத்துக்கு இருநூறு பேர் வந்தால் லிப்டில் வீட்டுக்காரர் ஏற முடியுமா? எச்சில் இலை எந்த வழியாக இறங்கும்? மாமாவிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பத்திரம்_படிக்கிறவர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். இடம் 500 சதுர மீட்டருக்கு மேல் (உங்களுடையது சுமார் 808), வீடும் எட்டுக்கு மேல். ஆகவே முதல் இரண்டு பிளானுக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரமோ முன்பணமோ கூடாது. வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருந்து, கட்டிட வேலைக்கும் நிலத்துக்குமே செலவாக வேண்டும். அண்ணன் போட்டிருக்கும் பணக் கணக்கில் இது இருக்கிறதா பாருங்கள். கட்டமைப்பில் குறை வந்தால் ஐந்து வருடத்துக்கு விற்றவர்தான் பொறுப்பு. அதாவது நீங்கள் மூவர்.

கடைகளுக்கும் வீடுகளுக்கும் யு.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எப்படிப் பிரிகிறது, மொட்டை மாடி யாருக்கு, முன்பக்க போர்டு வாடகை யாருக்கு என்பதை வரைபடம் போடும்போதே எழுதிவிடுங்கள். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பிற்காலத்தில் இடித்துக் கட்டலாம். உங்கள் பங்கு எவ்வளவு என்பது அன்றைக்குப் பேசும்.

இன்னொரு சின்ன விஷயம். பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2023-இல் வந்த குறைந்த கட்டணம், பத்து வீட்டுக்குள் இருந்தாலும் லிப்ட் இருந்தால் கிடைக்காது. அந்தச் சலுகையை நம்பிப் பராமரிப்புக் கணக்குப் போட வேண்டாம்.

தகடூரான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓசூரிலிருந்து வந்திருந்தார். சைட்காரர் சொன்னபடி டேப் பிடித்து, சுண்ணாம்புப் பொடியில் 80 அடி ராம்ப்பைத் தரையில் போட்டோம். விதைக்கடைக்குப் பக்கத்தில் தொடங்கி, சமையலறையைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய் நின்றது. பிளானில் அது 45 அடிதான். அண்ணன் எதுவும் பேசவில்லை, கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். பாறையைப் பற்றி அம்மாவிடம் கேட்டோம். "ஒன்பதடியிலேயே கல்லு. உங்க தாத்தா ஆறு மாசம் ஆள் வெச்சு உடைச்சாரு" என்றாள்.

மாமாவிடம் எச்சில் இலைக் கேள்வியைக் கேட்டேன். இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.

முற்றம் பிளானைத் திருத்தக் கேட்டு அனுப்பியிருக்கிறேன்: ஹோட்டல் கடைக்குப் புகைக்குழாய், இரண்டு சம்ப், ஜெனரேட்டர் இடம், குப்பை வண்டி நிற்கும் இடம். கிணற்றை மூடாமல் மழைநீர் இறங்கும் குழியாக வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். ஐந்து கடை போதாது, ஆறாக்கு என்று அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஆறாவது கடை வடபக்க கேட் இருக்கிற இடத்தில்தான் வரும். அங்கேதான் இப்போது சண்டை.