கிழக்கிலங்கையில் கிரிம்சன் குளோவர் நட்ட அனுபவம்: கல்லடி, சம்மாந்துறை, களுவாஞ்சிக்குடி

கல்லடியிலிருந்து:

மூன்று வருடம் பாடுபட்டு, இந்தப் பங்குனிக் கடைசியில்தான் பூவைக் கண்டேன். நட நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நுவரெலியாவுக்குப் போனபோது ஒரு விதைக்கடையில் பக்கற் வாங்கினேன். கிரிம்சன் குளோவர், ஒரு காம்பில் மூன்று இலை விடுகிற சிவப்புப் பூச்செடி. டிரைபோலியம் இன்கார்னேட்டம் என்பது அதன் தாவரப் பெயர். நல்ல வெயில், வறண்ட மண், ஒரு வருடச் செடி என்று பக்கற்றில் போட்டிருந்தது. எங்கள் வளவைப் பார்த்து எழுதினது போலத்தான் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வெறும் மணல், தென்னையைத் தவிர எல்லாம் கோடையில் கருகிப்போகும் இடம்.

அதை நம்பி வைகாசியில் விதைத்தேன். முளைத்து நாலு இலை விட்டது. கச்சான் என்கிற சூடான மேற்குக் காற்று தொடங்கின கிழமையே எல்லாம் போய்விட்டது. காலையும் மாலையும் ஊற்றினேன், ஆனால் அந்த மாதத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளோவருக்கு உப்பு ஆகாது.

அப்புறம்தான் இது எந்த ஊர்ச் செடி என்று தேடிப் படித்தேன். மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். அந்த ஈரத்தில் முளைத்து, இளவேனிலில் பூத்து, கோடை வர முன்னமே விதையை உதிர்த்துவிட்டுச் செத்துவிடும். கோடையை இது தாங்குவதே இல்லை, அதற்கு முன் வேலையை முடித்துக்கொள்கிறது. இது விளங்கின பிறகு நம்பிக்கை வந்தது. எங்கள் மழையும் ஐப்பசியில் தொடங்கித் தையோடு குறைகிறதுதானே? எங்கள் வெப்பம்தான் கூட.

இரண்டாம் வருடம் பொங்கல் முடிந்து மழை விட்டதும் விதைத்தேன். ஆறாம் நாள் முளைத்தது. ஆனால் மாசியில் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. ஒன்றைப் பிடுங்கி, பக்கத்துப் பாத்தியில் நின்ற கச்சான் (நிலக்கடலை) செடியையும் பிடுங்கி இரண்டு வேரையும் கழுவிப் பார்த்தேன். கச்சான் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. குளோவர் வேர் வெறும் நூல் மாதிரி இருந்தது. வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிற பெறாமகன்தான் காரணம் சொன்னான். இரண்டும் அவரைக் குடும்பம்தான், ஆனால் காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிற பற்றீரியா இரண்டுக்கும் வேறு வேறு. கச்சானோடு சேர்கிறது குளோவரோடு சேராது.

அதனால் இந்த வருடம் மக்கின ஆட்டு எருவை மணலோடு நன்றாகக் கலந்து, முருங்கைக்குக் கிழக்குப் பக்கம் பாத்தி போட்டேன். காலை வெயில் முழுக்க விழும், பின்னேரம் நிழல். விதைக்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் மண்தான். தண்ணீருக்கு மாரியில் தொட்டியில் பிடித்து வைத்த மழைநீர்.

பொழுதுபட்டதும் ஒருமுறை பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். பக்கத்து இலைகள் இரண்டும் கைகூப்பினாற்போல் சேரும், நடு இலை அவற்றின் மேல் கூரை மாதிரிக் கவிழும். விடிந்தால் மூன்றும் விரிந்துவிடும். பூ வர முன்னமே எனக்கு இதுவே போதும் என்று இருந்தது.

பூ கூம்பு வடிவம், சுண்டுவிரல் நீளம். அடியிலிருந்து மேலே சிவந்துகொண்டு வரும், நுனி மட்டும் இரண்டு மூன்று நாளுக்குப் பச்சை மயிராகவே நிற்கும். வருடப்பிறப்பன்று 11 பூ. கொசுத்தேனீ விட்டுப் போகவே இல்லை. வைகாசி பிறக்கச் செடி காய்ந்துவிட்டது, இந்த முறை நான் கவலைப்படவில்லை.

சம்மாந்துறையிலிருந்து:

தங்கச்சி, எங்களுடையது வயல் மண், களி. நான் கார்த்திகையில் விதைத்து எல்லாம் அழுகிப்போனது. தண்டு மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் கறுத்து, நூல் போல மெலிந்து அப்படியே சாய்ந்துவிடும். மழை பெய்கிறதே, முளைக்கட்டும் என்று அவசரப்பட்டது என் பிழை. பிறகு உம்மாவின் பழைய மண்சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, ஆற்றுமணல் பாதி, எரு பாதி நிரப்பி, மழை விட்ட பிறகு விதைத்தேன். ஐந்து செடி பிழைத்தது, இரண்டுதான் பூத்தது. களி மண்காரர்கள் நிலத்தில் போட வேண்டாம், சட்டிதான் சரி.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

அக்கா, நானும் உங்கள் முதல் வருடம் மாதிரி வைகாசியில் விதைத்து ஏமாந்தவள். இப்போது அந்த இடத்தில் வாடாமல்லி நிற்கிறது. அதுவும் ஒரு வருடச் செடிதான், தலை மட்டும் குளோவர் மாதிரிக் கூம்பு இல்லை, உருண்டை. ஆடிக் காற்றிலும் அசையாது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். விதை பஞ்சு மாதிரி உமிக்குள் இருக்கும், லேசாகக் கசக்கிப் போட்டால் நன்றாக முளைக்கும். ஆனாலும் குளோவரை விட மனமில்லை. விதை இருந்தால் கொஞ்சம் தருவீர்களா?

கல்லடியிலிருந்து:

தருகிறேன். காய்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினேன், எள்ளிலும் சிறிய வெளிர்மஞ்சள் மணிகள் ஒரு தேக்கரண்டி அளவு சேர்ந்தது. போத்தலில் சாம்பலோடு போட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன் வந்து எடுங்கள். குளோவர் காய்ந்த பாத்தியில் நானும் வாடாமல்லி போடலாம் போலிருக்கிறது, வரும்போது அந்த விதையும் கொண்டு வாருங்கள்.