புதுப்பிப்பு: பொறியியலா, கோட்பாட்டுப் பௌதிகமா?

உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி போதும், மனமோ கோட்பாட்டுப் பௌதிகத்தில், எதைத் தெரிவது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அம்மாவுக்கு அதுதான் விருப்பம். "எதை எடுத்தாலும் கணிதத்தை விடாதே தம்பி" என்று ஓர் அண்ணா எழுதியிருந்தார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனேன். அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலும் கணிதமும். இரண்டாம் ஆண்டு முடிகிறது.

அண்ணா சொன்னது முழு உண்மை. தாயங்களும் (matrices) வகையீட்டுச் சமன்பாடுகளும் கைவராமல் முதல் ஆண்டில் மிகவும் தவித்தேன். பிறகு லக்ராஞ்சி என்ற கணிதவியலாளரின் முறை வந்தது. இயக்க சக்தியிலிருந்து அழுத்த சக்தியை (நிலையால் சேரும் சக்தியை) கழித்து எழுதினால் போதும். ஊசலின் இயக்கச் சமன்பாடு வந்துவிடுகிறது, நூலின் இழுவையைத் தொடவே வேண்டியதில்லை! உயர்தரத்தில் எத்தனை இரவுகள் அந்த இழுவையோடு மல்லுக்கட்டினேன்.

அதைவிடப் பெரியது கணிதவியலாளர் எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றம். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால்தான் சக்தி காக்கப்படுகிறது. பாடமாக்கிய விதிக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. விடுமுறையில் இரணைமடு அணைக்கட்டில் இருந்து தங்கைக்கு இதை விளக்கினேன். இருட்டும்வரை கேள்வி கேட்டாள்.

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆசிரியப் பணியும் மேற்படிப்பும் கண்முன் உள்ளன. பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிக ஆய்வு மையம், வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் டிப்ளோமா நடத்துகிறது. பட்டம் முடிந்ததும் விண்ணப்பிப்பேன்.