அரசரடி வீட்டு குரூப்: கார்த்திக்கு எந்த ஆப்?

கார்த்தி: சுதாக்கா, பைலட் லைசன்ஸ் கைக்கு வந்துடுச்சு. பயிற்சிப் பள்ளி ஐபேடைத் திருப்பித் தரணும். சொந்தமா ஒரு ஃபிளைட் பிளானிங் ஆப் எடுக்கணும். ஃபோர்ஃப்ளைட்டா, கார்மின் பைலட்டா?

மல்லிகா அத்தை: வாழ்த்துகள்டா தங்கம் 🎉🎉

சுதா: டேப்லெட் என்ன வெச்சிருக்கே, அதைச் சொல்லு முதல்ல. ஃபோர்ஃப்ளைட் ஐபேட், ஐபோன்ல மட்டும்தான் ஓடும். ஆண்ட்ராய்டுன்னா அந்தப் பேச்சே கிடையாது. நான் கார்மின்ல இருக்கிறதே அதனாலதான்.

கார்த்தி: ஐபேட் மினி ஆர்டர் போடப் போறேன். வைஃபை மாடல், விலை கம்மி.

சுதா: போட்டுடாத!! வைஃபை மட்டும் இருக்கிற ஐபேட்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது. மேப் தெரியும், அதுல நீ எங்க பறக்கிறேன்னு தெரியாது. செல்லுலார் மாடல் வாங்கு. சிம்மே போட வேண்டாம், ஜிபிஎஸ் தானா வேலை செய்யும்.

கார்த்தி: நல்ல வேளை கேட்டேன் 🙏

பெரியப்பா: அந்தக் காலத்துல நான் பாத்த பைலட் எல்லாம் காகித மேப்பைத் தொடை மேல கட்டி வெச்சிருப்பாங்க. உன் டேப்லெட் நடுவானத்துல அணைஞ்சு போனா என்ன பண்ணுவே?

சுதா: சரியான கேள்விப்பா. ஐபேடை 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தலாம்னு ஆப்பிளே சொல்றான். இங்க டல்லாஸ் ஜூலை வெயில்ல காக்பிட் கண்ணாடிக்குக் கீழ வெச்சா, சூடாயிடுச்சுன்னு ஒரு வரி காட்டிட்டுப் படுத்துடும். அதனால அதே ஆப்பை போன்லயும் போட்டு, அதே சார்ட்டை, அதான் பறக்கிறதுக்கான மேப்பை, இறக்கி வெச்சுக்கணும். வீட்டு வைஃபைலயே இறக்கிடு கார்த்தி. மேல சிக்னலை நம்ப முடியாது.

கார்த்தி: சார்ட்டுக்குத் தனியா காசாக்கா?

சுதா: சார்ட்டை அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ இலவசமாத்தான் வெளியிடுது. விஎஃப்ஆர், அதாவது வெளிய கண்ணால பாத்துப் பறக்கிறவங்களுக்கான சார்ட், 56 நாளுக்கு ஒருக்கா புதுசு வரும். வானிலை, எரிபொருள், எடைக் கணக்கு எல்லாத்தையும் அதோட கோத்து ஒரே திரையில குடுக்கறாங்க பாரு, அதுக்குத்தான் சந்தா. காசே வேணாம்னா ஸ்கைவெக்டர் வெப்சைட் இருக்கு. ஆண்ட்ராய்டுல அவேர் இருக்கு, அதுவும் இலவசம்.

பெரியப்பா: ஃபோர்ஃப்ளைட் போயிங்காரன் கம்பெனிதானே?

சுதா: 2019ல வாங்கினான். 2025ல ஜெப்பசன்கிற விமான சார்ட் கம்பெனியோட சேத்து தோமா பிராவோங்கிற முதலீட்டு கம்பெனிக்கு வித்துட்டான். 1,055 கோடி டாலர்! இப்படிக் கை மாறினா சந்தா ஏறுமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனாலும் கார்த்தி, நீ கத்துக்கிட்டது எதுலயோ அதையே எடு. ரேடியோ பேசிக்கிட்டு, எதிர்ல யாரும் வர்றாங்களான்னு பாத்துக்கிட்டு, புது ஆப்புல பட்டன் தேட முடியாது. ரெண்டு ஆப்பும் செய்யற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கார்த்தி: அப்ப ஃபோர்ஃப்ளைட், அதுல இருக்கிறதுலயே சின்ன சந்தா. தரையில இருந்து அனுப்பற வானிலையைப் பிடிக்கிற ஏடிஎஸ்-பி ரிசீவரும் வாங்கட்டுமா? மழை ரேடார் மேலயே தெரியுமாமே.

சுதா: வாங்கு. ஆனா அந்தப் படத்தை நம்பி ரெண்டு மேகத்துக்கு நடுவுல நுழையாத. திரையில ஏதோ சில நிமிஷம் பழசுன்னு போட்டிருக்கும், உண்மையில 15, 20 நிமிஷம் பழசா இருக்கலாம். விபத்தை விசாரிக்கிற அமெரிக்க அமைப்பு என்டிஎஸ்பி 2012லயே இதுக்கு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. தூரமா சுத்திப் போறதுக்குத்தான் அது.

அம்மா: மே மாசம் நாங்க வரும்போது கூட்டிட்டுப் போறேன்னியே, இதெல்லாம் அதுக்கா?

கார்த்தி: ஆமாம்மா. இங்க கலிஃபோர்னியால, சான் ஹோசே ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்ல இருந்து கடலோர ஊர் மான்டரே. நேர்கோட்டுல 45 நாட்டிக்கல் மைல், அரை மணி நேரம்தான். உங்க மூணு பேர் எடையும் வேணும். அப்பா 74னு தெரியும். நீங்களும் அத்தையும் இங்கயே போடுங்க.

மல்லிகா அத்தை: 58

அம்மா: அண்ணி???

சுதா: அத்தை, தீபாவளி போட்டோ இதே குரூப்லதான் இருக்கு 😄

மல்லிகா அத்தை: அது பட்டுப்புடவை, அப்படித்தான் தெரியும்.

கார்த்தி: அத்தை, நாம போடற நம்பரை நம்பித்தான் ஆப் பச்சை காட்டும். நான் வாடகைக்கு எடுக்கிற நாலு சீட் விமானம் செஸ்னா 172ல ஆள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேத்து 860 பவுண்டு வரைக்கும்தான். டேங்கை நிரப்பினா 53 கேலன், அதுவே 318 பவுண்டு போயிடும். மீதி 246 கிலோ, அதுல நாலு பேர் ஏற முடியாது. 30 கேலனோட நிறுத்தினா 308 கிலோ கிடைக்கும். மான்டரே போய்ட்டு வர 30 தாராளம்.

பெரியப்பா: மொத்த எடை மட்டும் பாத்தாப் பத்தாது. பின் சீட்ல யாரு, முன்னாடி யாருன்னும் பாரு. பாரம் பின்னாடி சாஞ்சா மூக்கு தூக்கிக்கும்.

கார்த்தி: ஆமா பெரியப்பா, சீட் சீட்டாத்தான் ஆப்ல போடணும். முன்னாடி அப்பா.

அம்மா: மத்த நாள்ல நீ தனியாப் போனா இறங்கினதும் எனக்கு போன் பண்ணணும்.

சுதா: சித்தி, அதுக்கும் ஏற்பாடு இருக்கு. எங்க போறேன், எப்ப இறங்குவேன்னு ஆப்லயே ஃபிளைட் பிளான் ஃபைல் பண்ணி, கிளம்பறப்ப அதை ஓப்பன் பண்ணணும். இறங்கறேன்னு சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் மூடலேன்னா தேட ஆரம்பிச்சிடுவாங்க. விஎஃப்ஆர்ல அது கட்டாயம் இல்ல, ஆனா நான் விடமாட்டேன். ஒண்ணு, இறங்கின பிறகு டவர்காரங்க தானா மூட மாட்டாங்க. கார்த்திதான் மூடணும்.

அம்மா: அவன் மறந்துடுவான்.

பெரியப்பா: அலாரம் வைக்கச் சொல்லு.

கார்த்தி: வெச்சுக்கறேன் 😅 அப்புறம் எல்லாருக்கும் ஒண்ணு. மே மாசக் காலைல மான்டரேல கடல் மேகம் தாழ இறங்கி நிக்கும். அதனால மதியம்தான் கிளம்புவோம். அப்பவும் விலகலேன்னா கார்ல போயிடலாம்.

மல்லிகா அத்தை: கார்ல போனா எடை கேக்க மாட்டேல்ல?

கார்த்தி: மாட்டேன் அத்தை. இப்ப சொல்லுங்க.

மல்லிகா அத்தை: 71. செருப்போட.